துரு நீக்க மின்சாரம்: முறுக்குக் கம்பி போதும், எவர்சில்வர் வேண்டாம்

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. மழைக் காலத்திலும் பனிமூட்டம் கவியும் நாட்களிலும் கவாத்துக் கத்தி, மண்வெட்டி, பழைய கைப் பல்பரின் (காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் கருவி) பற்சக்கரங்கள் என்று இரும்பில் எதை வைத்தாலும் துருவேறிவிடுகிறது. பேட்டரி சார்ஜரையும் சோடாக் கரைசலையும் கொண்டு துருவை எடுத்துவிடலாம் என்று கல்லூரியில் படிக்கும் என் மகன் சொல்கிறான். அதற்காக ஓர் எவர்சில்வர் தட்டையும் எடுத்து வைத்திருக்கிறான்; அது துருப்பிடிக்காது, ஆகவே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பது அவன் வாதம். செய்யலாமா? – ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர்.

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் அந்த எவர்சில்வர் தட்டை முதலில் சமையலறைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். அதற்கான காரணத்தைச் சொல்லுமுன், வாளிக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

சோடா கலந்த தண்ணீரில் துருப்பிடித்த பொருளையும் வேறோர் இரும்புத் துண்டையும் ஒன்றையொன்று தொடாதபடி தொங்கவிட்டு, பொருளைச் சார்ஜரின் எதிர்முனையோடும் (கறுப்புக் கிளிப்) இரும்புத் துண்டை நேர்முனையோடும் (சிவப்புக் கிளிப்) இணைத்தால், சில நொடிகளில் பொருளின் மேற்பரப்பெங்கும் நுண்ணிய குமிழ்கள் கிளம்பும். அவை தண்ணீர் பிரிவதால் உண்டாகும் ஹைட்ரஜன் குமிழ்கள். துருவுக்கும் இரும்புக்கும் இடையில் அவை பிறந்து, பொருக்குகளை அடியிலிருந்தே நெம்பித் தள்ளுகின்றன. அதே நேரத்தில் செந்துருவில் ஒரு பகுதி மின்சாரத்தால் ஒடுக்கமடைந்து, அதாவது ஆக்சிஜனில் சிறிது இழந்து, மேக்னடைட் என்னும் கறுப்பு ஆக்சைடாக மாறித் தன் பிடியைத் தளர்த்துகிறது. வாளியிலிருந்து எடுத்த பொருளின் மேல் கரிபோல் படிந்திருக்கும் கறுப்பு மாவை ஒரு காந்தத்தின் அருகே கொண்டு சென்றால் ஒட்டிக்கொள்ளும். நம் கஞ்சமலையின் இரும்புக் கல்லில் இருப்பதும் இதே மேக்னடைட்தான். துருவாக மாறிய இரும்பெல்லாம் மீண்டும் இரும்பாகிப் பொருளில் வந்து சேர்ந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி ஆவதில்லை. அரித்துப்போன குழி குழியாகவே இருக்கும். ஆனால் உப்புத்தாளோ அரமோ போட்டுத் தேய்க்கும்போது துருவோடு நல்ல இரும்பும் தேய்ந்து போகிறதல்லவா, அந்த இழப்பு இம்முறையில் இல்லை. பற்சக்கரம் போன்ற, பல் அளவு மாறக் கூடாத பொருள்களுக்கு இதைவிடப் பொருத்தமான முறையைக் காண்பது கடினம்.

இப்போது எவர்சில்வருக்கு வருவோம். நேர்முனையில் தொங்கும் உலோகத்தில் ஆக்சிஜன் வெளிப்படுவதோடு, அந்த உலோகமும் மெல்ல மெல்லக் கரைசலுக்குள் அரிக்கப்படுகிறது. அது சாதாரண இரும்பாக இருந்தால், தண்ணீரில் சேர்வதும் பழுப்புத் துருச் சேறு மட்டுமே. யாருக்கும் கெடுதல் இல்லை. எவர்சில்வரோ துருப்பிடிக்காத எஃகு. அந்தப் பெயரைப் பெறவே ஓர் எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்க வேண்டும். நல்ல சமையல் பாத்திரங்களில் ஏறக்குறைய 18 சதவீதம் வரை இருக்கும். காரத் தண்ணீரில் நேர்முனையில் மாட்டப்பட்டதும் அந்தக் குரோமியம் ஆறு இணைதிறன் கொண்ட குரோமேட்டாகக் கரைசலில் கலக்கிறது. அது புற்றுநோயை உண்டாக்கக்கூடிய நஞ்சு. தோலில் பட்டால் புண்ணாக்கும். ராணிப்பேட்டையில் மலைபோல் குவிந்து கிடந்து சுற்றுப்புற நிலத்தடி நீரைக் கெடுத்தது இதே வகைக் குரோமியக் கழிவுதான். ஒரு வாளியில் உண்டாகும் அளவு சிறியதாக இருக்கலாம். ஆனால் அந்தத் தண்ணீரை நீங்கள் எங்கே கொட்டப்போகிறீர்கள்? மலைச் சரிவில் கொட்டினால் அது கீழே ஓடையைத்தான் சேரும். நேர்முனையில் எவர்சில்வர் தொங்கிய வாளியின் தண்ணீர் மஞ்சளாகத் தெளிந்து நின்றால், அது குரோமேட்டின் நிறம் என்று கொள்ளுங்கள்.

உங்கள் மகனின் தர்க்கத்தில் பிழை இல்லை, அவருக்குத் தெரிந்த செய்திதான் போதவில்லை. தட்டு பார்வைக்குப் பளபளப்பாகவே இருப்பதால் எதுவும் கரையவில்லை என்று தோன்றும். கஞ்சமலை அடிவாரத்தில் 1980-களின் தொடக்கத்திலிருந்து துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டும் ஆலை இயங்கிவரும் மாவட்டம் நம்முடையது; வெட்டுத் துண்டும் பழைய தட்டும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும் ஊரில் இந்த ஆசை வருவது இயல்பு. ஆகவேதான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அதற்குப் பதிலாக, வீடு கட்டும் இடத்தில் வெட்டி எறிந்த முறுக்குக் கம்பித் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயும் தகடும் வேண்டாம். செம்பும் வேண்டாம், அது கரைந்து வந்து உங்கள் கத்தியின் மேல் செம்புப் பூச்சாகப் படியும். முறுக்குக் கம்பியும் நாளடைவில் இளைத்துப் போகும், மேலே பழுப்புப் படலம் கட்டி மின்னோட்டம் குறையும். அவ்வப்போது கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டால் மறுபடியும் வேலை செய்யும். இந்த முறையில் மின்சாரம் பெரும்பாலும் நேர்ப்பார்வையில் பாய்வதால், கம்பியைப் பார்த்திருக்கும் பக்கம் விரைவில் சுத்தமாகும், முதுகுப் பக்கம் பின்தங்கும். ஒரே கம்பியை வைத்துக்கொண்டு பொருளைத் திருப்பித் திருப்பி விடுவதைவிட, வாளியின் உள்விளிம்பை ஒட்டி நான்கு கம்பிகளை நிறுத்தி, அவற்றைத் தண்ணீருக்கு மேலே கட்டுக்கம்பியால் ஒன்றாகப் பிணைத்து, நடுவில் பற்சக்கரத்தைத் தொங்கவிடுவது நல்லது. குறுக்கே ஒரு மூங்கில் கழியை வைத்து அதிலிருந்து தொங்கவிட்டால், பொருள் அடிச்சேற்றில் புதையாமலும் இருக்கும்.

வாளி பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். 10 லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 50 கிராம் சலவை சோடா போதும். அள்ளிப் போட்டால் மின்னோட்டம் ஏறி சார்ஜர் சூடாகுமே தவிர வேலை சிறப்பதில்லை. ஆப்ப சோடாதான் கிடைத்தது என்றால், அதை ஒரு பழைய இரும்புச் சட்டியில் போட்டு நன்றாக வறுங்கள். நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறி, 100 கிராம் ஆப்ப சோடா 63 கிராம் சலவை சோடாவாக நிற்கும். கரைசலில் சோடா செலவாவதில்லை, தண்ணீர்தான் குறையும். மறுநாள் தண்ணீர் மட்டும் சேர்த்தால் போதும். ஏற்காட்டில் மழைநீர் கிடைக்கிறதென்றால் அதுவே உயர்வு. சேலத்தில் இதைச் செய்பவர்கள் உப்புச் சுவையுள்ள போர்த் தண்ணீரைத் தவிர்த்து மேட்டூர்த் தண்ணீரைப் பயன்படுத்தலாம். கடினமான தண்ணீரில் சோடாவைப் போட்டதும் சுண்ணாம்பு போல வெண்மையாகப் படிவது கால்சியம் கார்பனேட். அதனால் கெடுதல் இல்லை.

சோடாவுக்குப் பதிலாக சமையல் உப்பைப் போடச் சொல்லும் யோசனைகளைக் கேட்காதீர்கள். மேட்டூரில் உப்புநீரில் மின்சாரம் செலுத்தித்தான் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தார்கள். உங்கள் வாளியிலும் அதே குளோரின்தான் கிளம்பப் பார்க்கும்.

மின்சாரத்துக்கு 12 வோல்ட் சார்ஜர் போதும். இந்த அளவுப் பொருள்களுக்கு 2 முதல் 4 ஆம்பியர் பாய்ந்தால் சில மணி நேரத்திலிருந்து ஓர் இரவுக்குள் வேலை முடிந்துவிடும். வீட்டு இணைப்பின் 230 வோல்ட்டை எவ்விதத்திலும் நேரடியாக வாளிக்குள் கொண்டுவரக் கூடாது. அது மாறுதிசை மின்சாரம், துருவும் போகாது, உயிர்தான் போகும். கிளிப்புகள் இரண்டும் தண்ணீருக்கு மேலேயே இருக்கட்டும். துருவின் மேல் கிளிப்பை மாட்டினால் மின்சாரம் பாயாது. ஓர் ஓரத்தில் அரத்தால் தேய்த்து வெள்ளை இரும்பு தெரிந்த இடத்தில் மாட்டுங்கள். சிவப்பும் கறுப்பும் மாறிப்போனால் அரிபடுவது கம்பியல்ல, உங்கள் பற்சக்கரம்; சுவிட்சைப் போடுமுன் இதை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

4 ஆம்பியர் ஒரு மணி நேரம் பாய்ந்தால் ஏறக்குறைய 1.8 லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே தீப்பொறி பட்டுப் பற்றக்கூடியது. குளிருக்காக சன்னல்களை இறுக மூடி வைத்திருக்கும் மலை வீட்டில், இரவெல்லாம் அறைக்குள் வாளியை ஓடவிடுவது சரியல்ல. தாழ்வாரத்தில், மழைச்சாரல் சார்ஜரில் படாத இடத்தில் வையுங்கள். கிளிப்பைக் கழற்றும்போது பொறி பறக்கும். ஆகவே முதலில் சுவிட்சை அணைத்து, பிறகு கிளிப்பைத் தொடுங்கள். கரைசல் காரமானது என்பதால் ரப்பர் கையுறை வேண்டும்.

கவாத்துக் கத்தியின் மரப்பிடியைக் கழற்றிவிட்டு அலகை மட்டும் இறக்குங்கள். கவாத்துக் கத்தரியாக இருந்தால் அதன் சுருள்வில்லை எடுத்துவிட வேண்டும். வெளிவரும் ஹைட்ரஜன் கடினமான எஃகுக்குள் ஊடுருவி அதை நொறுங்கும்படி செய்யக்கூடும், வில் எஃகுக்கு அந்த ஆபத்து அதிகம். அலுமினியம், ஈயம் பூசிய பித்தளை ஆகியவற்றை இந்த வாளிக்குள் கொண்டுவராதீர்கள்; காரம் அலுமினியத்தைத் தின்றுவிடும். பல்பரின் சட்டகத்தில் பெயிண்ட் அடித்திருந்தால் அதுவும் கழன்று வரும், மறுபடியும் அடிக்க வேண்டியிருக்கும்.

வெளியே எடுத்ததும் செய்ய வேண்டிய வேலையில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். கறுப்பு மாவை ஓடும் தண்ணீரில் தூரிகையால் தேய்த்துக் கழுவி, உடனே துணியால் துடைத்து, வெயிலிலோ அடுப்பு வெப்பத்திலோ ஈரம் போகக் காயவைத்து, சூடு ஆறுமுன் எண்ணெய் தடவிவிட வேண்டும். புதிதாக வெளிப்பட்ட இரும்பு ஈரக் காற்றில் சில நிமிடங்களிலேயே செம்மை பூக்கும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் மேகம் வீட்டுக்குள் நுழையும் ஊரில் அதற்கு அவகாசம் இன்னும் குறைவு. பனிமூட்டமான நாளில் வேலை முடிந்துவிட்டால் பொருளை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம், மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கரைசலிலேயே விட்டு வைக்கலாம்; காரத் தண்ணீரில் இரும்பு எளிதில் துருப்பிடிப்பதில்லை. இடையில் மின்சாரம் போய்விட்டாலும் கவலைப்பட வேண்டியதில்லை என்பதும் இதனால்தான்.

முறுக்குக் கம்பியை மட்டும் பயன்படுத்திய கரைசலை, சேறு அடியில் தங்கியபின் நிறையத் தண்ணீர் சேர்த்துச் சாக்கடையில் விடலாம். காப்பிச் செடியின் வேரிலோ மிளகுக் கொடியின் அடியிலோ ஊற்றாதீர்கள். இலேசான அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்பும் பயிர்கள் அவை. சோடியமும் காரமும் அவற்றுக்கு ஆகாது.

கேள்வி: என் மாமியார் காலத்துத் தோசைக்கல்லும் வடச்சட்டியும் பரணில் கிடந்து துருப்பிடித்துவிட்டன. அடியில் கரி வேறு அப்பளம்போல் கட்டியிருக்கிறது. இம்முறையில் சுத்தம் செய்தால் அவற்றில் மறுபடியும் சமைக்கலாமா? – சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி.

பதில்: சமைக்கலாம், அம்மா. நேர்முனையில் சாதாரண இரும்பு மட்டுமே இருந்தது என்பது உங்களுக்கு உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பாத்திரத்தில் ஒட்டிய சோடா, தண்ணீர் விட்டுக் கழுவினால் போய்விடும். வேறு யாராவது செய்து தருவதாகச் சொன்னால், நேர்முனையில் என்ன மாட்டுகிறார் என்று கேட்டுவிட்டே பாத்திரத்தைக் கொடுங்கள்.

இரும்பு வார்ப்புப் பாத்திரங்களுக்கு இந்த முறையின் இன்னொரு நன்மை, பல ஆண்டுகளாக எண்ணெய் தீய்ந்து கட்டிய அந்தக் கரியும் சேர்ந்து கழல்வது. ஆனால் ஒரே முறையில் கழன்று விழாது. சில மணி நேரத்துக்குப் பின் கல்லை எடுத்துப் பார்த்தால், கரியின் ஓரங்கள் உப்பி எழும்பி நிற்கும். மரக் கரண்டியின் விளிம்பால் நெம்பினால் ஓடு ஓடாக வரும், அதன் அடியில் இரும்பு சாம்பல் நிறத்தில் தெரியும். மிச்சத்துக்காக மறுபடியும் தொங்கவிடுங்கள். இரும்புக் கரண்டியால் சுரண்ட வேண்டாம். வார்ப்பிரும்பில் விழுந்த கீறல் தோசையில் தெரியும். கழுவிய சூடான கல்லில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் கூடாது, கல் விரிசல் விடும்.

சுத்தமான கல் என்பது பழக்கம் முழுவதும் போன கல்லும்தான் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். முதல் நாள் தோசை ஒட்டத்தான் செய்யும். அதற்குக் கல்லைக் குறை சொல்லக் கூடாது. நன்றாகக் காய்ந்த கல்லை அடுப்பில் வைத்து, துணியில் தோய்த்த நல்லெண்ணெயை மெல்லிய படலமாகத் தடவி, புகை வரும்வரை காயவிட்டு ஆறவைத்து, இதையே நான்கைந்து முறை திரும்பச் செய்ய வேண்டும். எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால் பிசுபிசுப்பாகத் திரண்டு நிற்கும்; தடவியபின் மிச்சத்தைத் துடைத்தெடுத்துவிட்டதாகத் தோன்றும் அளவுக்கு மெல்லியதாக இருப்பதே சரி. வெட்டிய வெங்காயத்தால் தேய்ப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். புதுக் கல்லைச் சிலர் வடித்த கஞ்சியில் ஊறவைப்பார்கள். துரு நீக்கிய கல்லை அப்படி ஊறவைத்தால் எடுத்த துரு திரும்பி வரும்.

துரு மேலோட்டமாக மட்டும் இருந்தால், இவ்வளவு ஏற்பாடும் தேவையில்லை. புளியைக் கரைத்துத் தேய்த்துக் கழுவினாலே போய்விடும். புளியின் அமிலம் துருவைக் கரைத்ததும் இரும்பையும் கரைக்கத் தொடங்கும் என்பதால், இரவெல்லாம் ஊறப்போட்டுவிட்டுத் தூங்கிவிடாதீர்கள்.

கேள்வி: சார்ஜரை மாட்டினேன்; விளக்கு எரிகிறது, ஆனால் ஒரு குமிழ்கூட வரவில்லை. என்ன காரணம்? – ஓமலூரிலிருந்து ஒரு வாசகர்.

பதில்: மேலே சொன்ன இணைப்புகளையெல்லாம் சரிபார்த்தும் குமிழ் வரவில்லையென்றால், அது பெரும்பாலும் புதுவகைத் தானியங்கிச் சார்ஜராக இருக்கும். மறுமுனையில் பேட்டரியின் மின்னழுத்தம் தெரிந்தால்தான் அது மின்சாரத்தைத் திறந்துவிடும்; வாளியை அது பேட்டரியாக ஏற்றுக்கொள்ளாது. கனமான டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய வகைச் சார்ஜர் இதற்கு நல்லது. அது இல்லாவிட்டால், சி.சி.டி.வி. கேமராவுக்கு வரும் 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் சிறு பொருள்களுக்குப் போதும். அதை மாட்டியதும் அதன் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், அதன் சக்திக்கு மேல் மின்சாரம் இழுக்கப்படுகிறது என்று பொருள். கம்பியைத் தள்ளி வைத்தோ சோடாவின் செறிவைக் குறைத்தோ சரிசெய்யலாம்.

கேள்வி: கறுத்துப்போன வெள்ளிக் கொலுசையும் இதே வாளியில் போடலாமா? – செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி.

பதில்: கொலுசில் இருப்பது துருவே அல்ல, காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டான வெள்ளி சல்பைடு. அதற்கு வாளியும் வேண்டாம், சார்ஜரும் வேண்டாம். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசு அதைத் தொடும்படி வைத்து, கொதிக்கும் தண்ணீரையும் ஒரு கரண்டி ஆப்ப சோடாவையும் சேருங்கள். அலுமினியமும் வெள்ளியும் சேர்ந்து தாமே ஒரு சிறு மின்கலமாகி, கந்தகம் வெள்ளியை விட்டு விலகும். அப்போது இலேசாக அழுகிய முட்டை நாற்றம் வரும். வேலைப்பாடு எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று பட்டறையிலேயே கறுப்பு ஏற்றிய கொலுசாக இருந்தால் அந்தக் கறுப்பும் போய்விடும். கல் பதித்ததையும் எனாமல் பூசியதையும் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: என் பழைய மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கிறது. டேங்கையே வாளியாக வைத்து இதைச் செய்யலாம் என்கிறார்களே? – ஆத்தூரிலிருந்து ஒரு வாசகர்.

பதில்: டேங்கில் சோடாக் கரைசலை நிரப்பி, மூடியின் வழியே ஒரு கம்பியை எங்கும் தொடாமல் தொங்கவிட்டுச் செய்பவர்கள் இருக்கிறார்கள், முறை என்ற அளவில் அது சரியானதே. ஆயினும் வீட்டில் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. பெட்ரோலை வடித்துவிட்டாலும் அதன் ஆவி மடிப்புகளிலும் துருப் பொருக்கிலும் தங்கியிருக்கும். அதோடு, குறுகிய வாயுள்ள கூட்டுக்குள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒன்றாகத் திரளும். உள்ளே தொங்கும் கம்பி அசைந்து டேங்கின் சுவரைத் தொட்டால் பொறி. கம்பியை நேராகப் பார்க்காத மூலைகளில் துரு அப்படியே நிற்கும் என்பதால் பலனும் அரைகுறைதான். டேங்க் வேலை செய்து பழகிய பட்டறையில் கொடுத்துக் கழுவி, உள்பூச்சு போட்டு வாங்குவதே நல்லது. தகடு ஊசித்துளை விழும் அளவுக்கு அரித்திருந்தால், துருவை எடுத்ததும் அத்துளைகள் திறந்து ஒழுகத் தொடங்கும், அதையும் முன்கூட்டியே அவர்களிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: குடும்பத்தில் வழிவழியாக வந்த ஒரு பழைய வாளும் சிறிய வெண்கலச் சிலையும் இருக்கின்றன. அவற்றையும் மின்சாரத்தால் சுத்தம் செய்ய முடியுமா? – சேலம் அரிசிப்பாளையத்திலிருந்து ஒரு வாசகர்.

பதில்: முடியும் என்பது வேறு, நீங்கள் செய்யலாம் என்பது வேறு. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் தொடங்கப்பட்ட வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ச. பரமசிவன் அரிப்பு நோய் கண்ட வெண்கலச் சிலைகளை மின்னாற்பகுப்பால் மீட்டெடுத்திருக்கிறார். ஆகவே இந்தக் கலை நமக்குப் புதிதல்ல. ஆனால் அது மின்னோட்டத்தை அளந்து அளந்து, படலம் படலமாகக் கவனித்துச் செய்த வேலை. பழம்பொருளின் மேலுள்ள பச்சைப் படலத்திலும் துருவிலும்கூட அதன் வயதும் எழுத்தும் வேலைப்பாடும் ஒளிந்திருக்கலாம். பல நேரங்களில் இரும்பு முழுவதும் துருவாகிவிட்டிருக்க, வாளின் வடிவத்தைத் தாங்கி நிற்பதே அந்தத் துருதான். வாளிக்குள் இறக்கினால் வெளியே எடுப்பதற்கு எதுவும் மிஞ்சாமலும் போகலாம். இப்போதைக்கு இரண்டையும் தண்ணீரோ புளியோ படாமல், உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். சேலத்திலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்டபின் மேற்கொண்டு செய்யலாம்.